படிப்பு ஏறாத இளையவள்

அத்தியாயம் பதினொன்று

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன் என்று சொல்லிப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். ‘பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவை’ என்ற கட்டம். அரை விரல் அகலம்தான் இருக்கும். அதை நிரப்ப எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. காலியாக விட ஒரு நொடி போதுமாக இருந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழசு. நான் வேதியியலில் முனைவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் படிக்கப் போன முதல் ஆள். அப்பாவும் முப்பத்திரண்டு வருஷமாகக் கல்லூரிக்குத்தான் போகிறார், ஆய்வக உதவியாளராக. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, துடைத்து, அடுக்குகிற வேலை. நிரந்தர வேலை. நான் ஊரின் மறுகோடியில் இன்னொரு கல்லூரியில் மணிக்கணக்குக்குப் பாடம் நடத்துகிறேன். நடத்திய மணிக்கு மட்டும் கூலி. விடுமுறைக்குக் கிடையாது, தேர்வு மாதத்துக்குக் கிடையாது, மூட்டை மூட்டையாக விடைத்தாள் திருத்துவதற்கும் கிடையாது. நன்றாக ஓடுகிற மாதத்தில்கூட அப்பா வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை.

இது அப்பாவுக்குத் தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பலவீனமான சாயங்காலத்தில் "நிரந்தரம் ஆயிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவர் தன் கல்லூரியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். குடித்த டீயை எப்படித் திருப்பி வாங்குவது? சம்பளத்தில் பாதியைச் சேமிப்பில் போடுகிறேன் என்று இன்னொரு பொய். அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று.

போன மாதம் எங்கள் கல்லூரியில் அடுத்த அரையாண்டுக்கான பட்டியல் ஒட்டினார்கள். வாரத்துக்குப் பதினாறு மணி இருந்த என் பாடம் நாலு மணியாகியிருந்தது. அதே வாரம்தான் அப்பா ஓய்வு பெறப்போகும் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். தகுதி, பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. மறைத்தால் வேலை பறிபோகும். போன தடவை சேர்ந்த ஒரு முதுகலைக்காரர் மூன்றே மாதத்தில் ஓடிவிட்டாராம், அதனால் இந்த விதி.

நான் மறைத்தேன். இந்த வாரம் அதன் பலன்.

---

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா ஓய்வூதிய அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் இருபத்து நான்கு நாள். ஒரு நீலக் கோப்பை மூன்று தடவை திறந்து, மூன்று தடவை மூடினார்.

அந்த நீலக் கோப்பைத்தான் நான் நம்பியிருந்தேன். நேர்முகத் தேர்வு நடக்கும் நாளில் அப்பா கல்லூரியில் இருக்க மாட்டார். என்னையும் என் தங்கையையும் அவர் தன் கல்லூரிப் பக்கம் விட்டதே இல்லை. "நான் கழுவறத நீங்க பாக்க வேணாம்" என்பார். அதனால் அங்கே யாருக்கும் என் முகம் தெரியாது. விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருக்கிறது, வாஸ்தவம். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

"அக்கா, பெயின்ட் கம்பெனிக்கு இன்னைக்குள்ள பதில் சொல்லணும்," என்றாள் என் தங்கை, வாய் நிறைய பற்பசை நுரையோடு. முதுகலை முடித்த கையோடு அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று, பெயின்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்புக்கு இடம்.

"என்ன சொல்லப் போற?"

"நீ சொல்லு."

"அந்த வேலை நல்ல வேலைதான்."

"அவ்வளவு நல்லதுன்னா நீ ஏன் அந்தப் பக்கம் போகல? நீ மட்டும் படிச்சு முடிச்சுட்டு ஜம்முனு பாடம் நடத்துவ. நான் பெயின்ட் டப்பாவ கலக்கணுமா?"

அப்பா சிரித்தார். "கேக்கறால்ல. பதில் சொல்லு பெரியவளே."

"மீட்டிங் இருக்கு, நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நாலு வருஷமாக எனக்கு எப்போதும் ஏதாவது மீட்டிங் இருக்கிறது.

---

கல்லூரியின் பின்கட்டு. ஆய்வகத்துக்கு வெளியே நீளமான வராந்தா, நீளமான பெஞ்சு, பதினோரு பேர். எனக்கு ஏழாம் எண்.

பத்தாவதோடு நின்றவளின் முகம் எப்படி இருக்கும் என்று முந்தின நாள் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். வாயை லேசாகத் திறந்து, புருவத்தைத் தூக்கி. எவ்வளவு கேவலமான ஒத்திகை என்பது பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என் அம்மா எட்டாவது. அவள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

பக்கத்தில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "நீங்க எதுவரைக்கும்?" என்றான்.

"பத்து."

"நானும் பத்துதாங்க. அதுலயும் கணக்குல ஃபெயில். ஆறாவதுல இருந்தே ஃபெயில்."

"பத்தாவது பாஸ்னு காட்டணும். அவ்வளவு கீழ போகாதீங்க."

அவன் சட்டைப் பையில் ஒரு கால்குலேட்டரின் முனை தெரிந்தது. சைன், காஸ் எல்லாம் போடுகிற வகை. கண்ணால் காட்டினேன். அவசரமாக உள்ளே தள்ளினான்.

"இன்ஜினியரிங்கா?" என்றேன் மெதுவாக.

"மெக்கானிக்கல். நீங்க?"

"கெமிஸ்ட்ரி."

"எம்.எஸ்ஸியா?"

"அதுக்கும் மேல."

சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். மரியாதைக்காகவா, ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்திலா தெரியவில்லை.

எனக்கு இந்தப் பக்கம் எட்டாம் எண்காரர். தலையைக் குனிந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது போலவே வைத்திருந்தார். ஆனால் வலது சுட்டுவிரல் மட்டும் முழங்காலில் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது. அந்த விரலை எனக்குத் தெரியும். கரும்பலகை நிறைந்து போனால் சுவரில்கூட எழுதுகிற விரல். முதுகலையில் எனக்கு வெப்ப இயக்கவியல் நடத்தியவர். நாங்கள் வைத்த பெயர் என்ட்ரோபி சார்.

"சார்?"

அவர் நிமிரவில்லை. "சத்தமா கூப்பிடாதம்மா. நான் பத்தாவது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க எப்படி சார் இங்க?"

"உன்ன மாதிரிதான். பஸ்லதான்."

"உங்க டிபார்ட்மென்ட்?"

"மூடிட்டாங்க. போன வருஷம் நாலு பசங்க சேந்தாங்க. இந்த வருஷம் ஒருத்தரும் இல்ல. பத்தொம்பது வருஷம் நான் பாடம் எடுத்த ரூம்ல இப்ப வேற ஏதோ கோர்ஸ் நடக்குது. ஏசி போட்டிருக்காங்க."

"நீங்க நிரந்தரம் இல்லையா சார்?"

"அடுத்த வருஷம் பண்ணிடறோம்னாங்க. ஒவ்வொரு வருஷமும் சொன்னாங்க, அதுல குறையே வைக்கல."

"இதுக்கு வயசு வரம்பு இருக்குமே."

"அம்பது. எனக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது பெருமை. விளிம்பில் கால் வைத்து ஜெயித்துவிட்ட ஆளின் பெருமை. இந்த மனுஷன் நடத்தினால் கடைசி பெஞ்சுகூடத் தூங்காது.

அப்போது செல்பேசி அதிர்ந்தது. தங்கை.

"அக்கா, சொல்லிட்டேன்."

"எத?"

"பெயின்ட் கம்பெனிக்கு வரலன்னு. போன்லயே சொல்லிட்டேன். நீதான் மீட்டிங்னு ஓடிட்ட, நானே முடிவு பண்ணிட்டேன்."

"ஏன் இவ்வளவு அவசரம்? திரும்ப கூப்பிட்டு..."

"அவசரமா? உன்னப் பாத்து பத்து வருஷமா யோசிச்சிருக்கேன்கா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆய்வகக் கதவு திறந்தது.

"ஏழு," என்றது குரல்.

தினமும் காலையில் என்னை எழுப்புகிற குரல்.

---

அப்பா கதவைப் பிடித்தபடி நின்றார். நீல மேலங்கி. கையில் எண்கள் எழுதிய துண்டுச் சீட்டு. பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, "ஏழு" என்றார். இந்தத் தடவை அது எண்ணாக இல்லை. நீதானா என்ற கேள்வியாக இருந்தது.

"நான்தான்," என்றேன்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை அவருக்கு. எனக்கும்தான்.

உள்ளே இரண்டு பேர். மேசைக்குப் பின்னால் கல்லூரி முதல்வர், நரைத்த கொண்டை வைத்த அம்மா. பக்கத்தில் வேதியியல் துறைத் தலைவர், பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறவர். அப்பா பொருள்களை எடுத்து வைப்பதற்காக ஓரமாகப் போய் நின்றுகொண்டார். பாதி வழியில் போன் போட்டு அவரைத் திருப்பி அழைத்திருக்கிறார்கள்; முதல் ஆறு எண்களைக் குமாஸ்தாதான் கூப்பிட்டிருந்தார், இவர் பின்வாசல் வழியாக இப்போதுதான் வந்திருக்க வேண்டும். எந்தப் பொருள் எங்கே இருக்கிறதென்று அவரை விட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. இதை நான் யோசித்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஆள் ஒரு அறையில் இருந்தால் அந்த அறை அவர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்பதை, அவர் பெற்ற பெண் யோசிக்கவில்லை.

"இதுல பேர் தெரிஞ்சத எடுத்து வைம்மா," என்றார் துறைத் தலைவர்.

குடுவை எடுத்தேன். புனல் எடுத்தேன். பியூரெட்டைத் தொட்டு, "இது நீள டியூபு சார்" என்றேன்.

"அதுக்குப் பேரு பியூரெட்."

"ஆங். பியூரெட்டு."

அப்பா தட்டிலிருந்த சோதனைக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அதைக் கழுவி, ஸ்டாண்டுல மாட்டி, கரைசல நிரப்பு. அண்ணே, அந்தக் கரைசல எடுங்க."

அப்பா மூலையிலிருந்த தன் அலமாரியைத் திறந்தார். கதவின் உட்புறத்தில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய பட்டம், நான். அமிலப் புகை பட்டு ஓரமெல்லாம் பழுத்துப்போயிருந்தது. நான் பார்த்ததை அப்பா பார்த்தார். புட்டியை எடுத்துக்கொண்டு, குதிகாலால் கதவைத் தள்ளி மூடினார்.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்யவில்லை. கை மட்டும் செய்தது. அதுதான் தப்பாகிவிட்டது.

பியூரெட்டைத் தண்ணீரில் கழுவினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பத்தாவது. நான் நிறுத்தவில்லை. கரைசலைக் கொஞ்சம் உள்ளே ஊற்றி, குழாயைப் படுக்கவைத்து உருட்டி, உள்சுவர் முழுக்க நனைத்து, அடித் திருகைத் திறந்து வடித்தேன். இரண்டாவது தடவையும் அப்படியே. ஸ்டாண்டில் மாட்டி, புனல் வைத்து நிரப்பி, புனலை எடுத்துவிட்டேன். நுனியில் ஒரு காற்றுக் குமிழ். திருகைப் பட்டென்று திறந்து அதைத் துரத்தினேன். முழங்காலை மடக்கிக் கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, கரைசல் பரப்பின் வளைந்த அடிப்பாகம் பூஜ்யத்தைத் தொடும்வரை சொட்டுச் சொட்டாக விட்டேன்.

நிமிர்ந்தபோது பேனா மூடிச் சத்தம் நின்றிருந்தது.

"புனலை ஏன் எடுத்த?" என்றார் துறைத் தலைவர்.

"அதுல இருந்து சொட்டு விழும் சார். அளவு மாறிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. வகுப்பில் அறுபது பேருக்குச் சொல்கிற அதே தொனி.

"எங்க டிகிரி பசங்க மூணாவது வருஷத்துலகூட புனலை எடுக்க மாட்டாங்க," என்று அவர் முதல்வரிடம் சொன்னார். "பத்தாவதுல இதெல்லாம் ஏது மேடம்?"

முதல்வர் என் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார்.

"என்னங்க, தகப்பனார் பேர் உங்க பேராவே இருக்கு. விலாசமும் உங்க விலாசம்."

விலாசம். அதையும் நான் யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் படித்தவள்.

"என் பொண்ணுதான் மேடம்," என்றார் அப்பா.

"எது, வேலை நிரந்தரம் ஆச்சுன்னு எல்லாருக்கும் டீ குடுத்தீங்களே, அந்த டாக்டர் பட்டம் வாங்குன பொண்ணா?"

முடிந்தது என்று நினைத்தேன். இனி அவர் தலைகுனிவார், நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே போவேன், அவருக்கு மிச்சமிருக்கிற இருபத்து நான்கு நாளும் பாழ்.

"இல்ல மேடம்," என்றார் அப்பா. குரல் ஒரு இழைகூடப் பிசகவில்லை. "அது மூத்தவ. இது இளையவ. இவளுக்குப் படிப்பு ஏறல. பத்தாவதோட நிறுத்திட்டேன்."

என் காதில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம்.

"அப்ப இதெல்லாம் எப்படித் தெரியும்?" துறைத் தலைவர் பியூரெட்டைக் காட்டினார்.

"அக்காகாரி வீட்ல படிப்பா சார். இவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. கை வேலைன்னா சட்டுனு புடிச்சுக்குவா. எழுதச் சொன்னாத்தான் வராது."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தது, அதுவும் எனக்காக.

"ஒரு பொண்ண டாக்டர் ஆக்கிட்டு, இன்னொண்ண கிளாஸ் கழுவ அனுப்பறீங்களே. மனசு வருதா உங்களுக்கு? இவ்வளவு சூட்டிகையா இருக்கு. ஒரு ட்யூஷன் வெச்சிருந்தா இதுவும் படிச்சிருக்கும்."

"தப்புதான் மேடம்."

"மூத்தது இன்னைக்கு எப்படி இருக்கு, இது எப்படி இருக்கு பாருங்க."

"தப்புதான் மேடம்," என்றார் அப்பா மறுபடியும். கையிலிருந்த துணியால், ஏற்கனவே துடைத்த குடுவையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் ஒண்ணும் தப்பு பண்ணல மேடம்," என்றேன். அது மட்டும்தான் அந்த அறையில் நான் சொன்ன நிஜம். அவர்கள் அதை ஒரு அப்பாவிப் பெண்ணின் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

---

பதினோரு பேரும் முடிய மதியம் ஒன்றரை ஆயிற்று. அப்பா பின்படிக்கட்டுக்கு வந்தார். கையில் இரண்டு காகிதக் கோப்பையில் டீ. ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எவ்வளவு?" என்றார்.

"எதுப்பா?"

"அவங்க உனக்கு எவ்வளவு குடுக்கறாங்க?"

சொன்னேன்.

"வாரத்துக்கா?"

"மாசத்துக்கு."

அப்பா டீயை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தார்.

"நான் முன்ன வாங்குனது கிட்டத்தட்ட இதுதான்," என்றார். "பதினஞ்சு வருஷம் முன்னாடி."

"அடுத்த மாசத்துல இருந்து அதுவும் இல்ல. நாலுல ஒரு பங்குதான் வரும்."

"நிரந்தரம்னு சொன்னியே."

"பொய்."

"சேமிப்பு?"

"அதுவும்."

அவர் தலையை ஆட்டினார். புது மாணவன் எந்தப் புட்டியை உடைத்தான் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி, சிதறாத நிதானத்தோடு. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க ஏன்பா அப்படிச் சொன்னீங்க? படிப்பு ஏறலன்னு? அந்தம்மா உங்கள எப்படிப் பேசுனாங்க. தப்பு தப்புன்னு தலைய ஆட்டிக்கிட்டு நிக்கறீங்க. நான் படிச்சேன்பா. ராத்திரி பகலா படிச்சேன். படிச்சதாலதான் இங்க வந்து நிக்கறேன். படிக்காம இருந்திருந்தா இதே வேலைக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்திருப்பேன்."

"படிச்சிருக்கான்னு சொன்னா உனக்கு வேலை போயிடும்," என்றார். "அந்த நேரத்துல அது ஒண்ணுதான் தெரிஞ்சுது."

"கோபமே வரலையா உங்களுக்கு?"

"வருது. யார் மேலன்னுதான் தெரியல." ஆறிப்போன டீயைப் படியோரம் கொட்டினார். "சின்னவளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. காலையில பெயின்ட் கம்பெனிய வேணாம்னு சொல்லிட்டா. என்னப் பாத்து."

அப்பா எழுந்தார். எங்கேயோ போகப்போவது போல இரண்டு அடி வைத்தார். திரும்பி வந்து அதே படியில் உட்கார்ந்தார். அவர் உள்ளங்கைகள் எப்போதும் போல வெளுத்து, விரல் நுனி சுருங்கியிருந்தன. அந்தக் கைகளுக்கு இன்றைக்குக் கழுவ வேண்டியது இன்னும் நிறைய இருந்தது.

---

நாலு மணிக்கு வராந்தாவில் காகிதம் ஒட்டினார்கள். தேர்வு பெற்றவர்: 7. காத்திருப்புப் பட்டியல்: 8.

நான் அந்த ஏழையே பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டம் வாங்கிய அன்று என் பெயரைப் படித்தபோதுகூட இதயம் இப்படி அடித்துக்கொள்ளவில்லை. அதை நினைத்துத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

"வாழ்த்துகள்," என்றது பக்கத்தில் ஒரு குரல். என்ட்ரோபி சார்.

"சார், நீங்க..."

"எனக்கு முட்டி மடங்கல. பூஜ்யத்த சரியா பாக்க முடியல. நீ பிரமாதமா பண்ணியிருப்ப. நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன், புனலை எடுக்கணும்னு."

"ஆமா சார்."

"உன் ஆய்வேட்டுல நன்றியுரைல என் பேர் போட்டிருந்த. யாரும் அப்படிப் போட்டதில்ல. ஒரு காப்பி எங்க வீட்டு ஷோகேஸ்ல வெச்சிருக்கேன். வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவா என் வீட்டுக்காரி." அவர் காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். ஏழையும் படித்தார், எட்டையும் படித்தார். "காத்திருப்புப் பட்டியல் ஆறு மாசம் செல்லும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நமக்கு ஆறு மாசம்லாம் தாங்காது. வரேன்மா."

அவர் போனார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதைப் போல வேகமாக.

அலுவலகத்திலிருந்து அப்பா ஒரு தாளோடு வந்தார். உறுதிமொழிப் பத்திரம். ஐந்து மணிக்குள் கொடுத்தால் இன்றே ஆணை. மேல் பாதி என்னுடையது: பத்தாம் வகுப்புக்கு மேல் நான் எதுவும் படிக்கவில்லை. கீழ்ப் பாதி, வேட்பாளரை நேரில் அறிந்த கல்லூரிப் பணியாளர் ஒருவரின் சான்று: மேற்சொன்னது உண்மை என நான் அறிவேன்.

"உங்களுக்குத் தெரியாததா, நீங்களே போட்டுக் குடுத்துடுங்கன்னு முதல்வரம்மா சொல்லிட்டாங்க," என்றார் அப்பா.

கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது. நான் உரக்கப் படித்தேன். "சான்று பொய்யெனத் தெரியவந்தால் சான்றளித்தவரின் ஓய்வுக்கால உரிமைகள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்படும்."

"படிச்சேன்," என்றார்.

"வேணாம்பா. எனக்கு வேற ஏதாவது..."

"வேற என்ன?"

என்னிடம் வாரத்துக்கு நாலு மணி நேரம் இருந்தது.

"இப்ப உன்கிட்ட பேசிட்டுப் போனாரே, யாரு அவரு?" என்று கேட்டார்.

"எனக்குப் பாடம் நடத்துனவர்."

"உன்ன அவருக்குத் தெரியும்."

"ம்."

"அடுத்த ஆளு அவருதானே, பட்டியல்ல?"

"ம்."

"நல்லவரா?"

யோசித்தேன். பத்தொன்பது வருஷம், ஐந்து வாரம், ஷோகேஸ்.

"பாடம் நல்லா நடத்துவாருப்பா," என்றேன்.

நாலு ஐம்பது. அலுவலகச் சன்னலில் குமாஸ்தா பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களை எட்டிப் பார்த்தார். வராந்தாவில் மேசை இல்லை. நான் சுவரில் தாளை வைத்து என் கையெழுத்தைப் போட்டேன். சுவர் சொரசொரப்பு, பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழிக்கப் பார்த்தது. அப்பா தாளை வாங்கி, கிழிசலைத் தடவிப் பார்த்தார்.

"திரும்பி நில்லு," என்றார்.

திரும்பினேன். தாளை என் முதுகில் விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்தார். பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது. துணிக்கு மேலே, தோள்பட்டைக்குக் கீழே, பேனாவின் முனை வந்து பதிந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முனை நகரவில்லை.